தண்ணி மீற்றர் மாற்ற வந்தால் நாம் செய்ய வேண்டியதும் கேட்க வேண்டியதும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். முழுவதையும் வாசிக்க நேரமில்லாதவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்: வீட்டுத் தண்ணி மீற்றரைக் கழற்ற முன்னர், அதில் இருக்கும் இலக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவின் பாதி அதுதான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மூத்தம்மா இருக்கிறார். பேரப்பிள்ளை ஒன்றுடன் தனியாக இருப்பவர். விடியற்காலையில் இடியப்பம் அவித்து விற்பார். அஸ்வெசும பணமும் இடியப்பக் காசும்தான் வருமானம். சில மாதங்களுக்கு முன்னர் ஒரு நாள், நாங்கள் பாடசாலைக்குப் போன நேரத்தில், ஒழுங்கை முழுக்க மீற்றர் மாற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மூத்தம்மா வீட்டிலும் பழையதைக் கழற்றி, புதியதைப் பூட்டி, ஒரு தாளில் ஒப்பம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். என்ன தாள் என்று அவருக்குத் தெரியாது. அது தமிழில் இருக்கவில்லை.

அடுத்த பில் வந்தபோது 52 அலகு. வழமையாக அவருக்கு 14, 15, மிஞ்சினால் 17 அலகு வரும்.

மூத்தம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தன்னுடைய பிழை என்றே நினைத்துவிட்டார். வீட்டுக் குழாயை இறுக்கிப் பூட்டிவிட்டு, முழங்கால் வருத்தத்தோடு இரண்டு வாளியில் பள்ளிவாசல் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமக்கத் தொடங்கினார். ஒரு நாள் அசருக்குப் போகும்போது கண்டுதான் எங்களுக்கே விஷயம் தெரியும். "ஏன் மூத்தம்மா, வீட்டில் தண்ணி வாறல்லயா?" என்று கேட்டோம். "வருது மகன், தொடத்தான் பயமா இருக்கு" என்றார்.

அவருடைய பழைய பில்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. நல்ல காலம். எடுத்துப் பார்த்தோம். முந்தைய பில்லின் கடைசி வாசிப்பு 1826. புதிய பில்லில், பழைய மீற்றர் கழற்றப்பட்டபோது இருந்த வாசிப்பு 1873 என்று போட்டிருந்தது. அதாவது 47 அலகு. அதோடு புதிய மீற்றரில் ஓடிய 5. மொத்தம் 52.

கணிதம் படிப்பிக்கிற கண்ணுக்கு 1873 என்பதைக் கண்டதும் ஒரு சந்தேகம் வந்தது. பிள்ளைகள் பரீட்சையில் அடிக்கடி செய்கிற பிழை அது: இரண்டு இலக்கத்தை இடம்மாற்றி எழுதிவிடுவது. 1837 என்று வைத்துப் பார்த்தோம். 11 அலகு. அதோடு 5. மொத்தம் 16. மூத்தம்மாவின் வழமையான பாவனைக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆனால் சந்தேகம் சாட்சி ஆகாது அல்லவா? பழைய மீற்றர் வீட்டில் இல்லை. போட்டோ இல்லை. துண்டு இல்லை. அவருடைய ஒப்பம் மட்டும் அவர்களிடம் இருக்கிறது.

கடிதம் எழுதி, ஒரு வருடத்துப் பில்களைப் போட்டோப் பிரதி எடுத்து, மூத்தம்மாவையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனோம். முதல் நாள் ஒருவரும் சரியாகக் கேட்கவில்லை. "மெஷின் சொல்றதைத்தானே நாங்க போடுறோம்" என்றார்கள். இரண்டாவது முறை போனபோது ஒரு நல்ல மனிதர் கிடைத்தார். எழும்பி ஸ்டோருக்குப் போய், கழற்றிக் குவித்திருந்த பழைய மீற்றர்களுக்குள் இலக்கத்தை வைத்துத் தேடி எடுத்து வந்தார். 1837. அவரே பில்லைத் திருத்திக் கொடுத்தார். அல்லாஹ் அவருக்கு அருள் செய்யட்டும்.

பிரச்சினை முடிந்தது என்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். எங்களுக்கு மனம் ஆறவில்லை. அந்த மீற்றர் ஸ்டோரில் இல்லாமல் பழைய இரும்புக்குப் போயிருந்தால்? மூத்தம்மா பில்களைச் சேர்த்து வைக்காதவராக இருந்தால்? ஒழுங்கையில் கடிதம் எழுதத் தெரிந்த ஒரு வீடு இல்லாமல் இருந்தால்? அதிர்ஷ்டம் இருந்தால் மட்டும் கிடைக்கிற நியாயத்தை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

இது யாரையும் தாக்குவதற்கான பதிவல்ல. வெயிலில் வீடு வீடாக வந்து வேலை செய்கிறவர்கள் நம் பிள்ளைகளைப் போன்றவர்கள். இலக்கம் இடம்மாறுவது யாருக்கும் வரக்கூடிய பிழை. ஆனால் பிழை வந்தால் பிடிபடுகிற மாதிரி ஒரு முறை இருக்க வேண்டும். அதுதான் எங்கள் கருத்து.

▪️ மீற்றரை ஏன் மாற்றுகிறார்கள்?

நம் ஊரில் பலர் "புது மீற்றர் வேகமாக ஓடும், காசு பிடுங்கத்தான் மாற்றுகிறார்கள்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை, பாதி பிழை.

நம் வீடுகளில் இருக்கும் மீற்றர்களில் பெரும்பாலானவை இயந்திர முறையில் ஓடுபவை. தண்ணீர் போகும்போது உள்ளே ஒரு சிறு சக்கரமோ பிஸ்டனோ சுற்றும். அந்தச் சுற்றை எண்ணித்தான் இலக்கம் ஏறுகிறது. வருடக்கணக்கில் சுற்றினால் அது தேயும். மணலும் துருவும் போய் அடைக்கும். தேய்ந்த மீற்றர் பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும். அதிலும் மெல்லிய ஓட்டத்தை அது கவனிக்கவே கவனிக்காது. மேலே தாங்கி நிரம்பும் கடைசி நேரத்தில் மிதவை வால்வு வழியாக நூல் போல ஓடும் தண்ணீர், கக்கூஸ் தாங்கியில் சத்தமில்லாமல் ஒழுகும் தண்ணீர், இவையெல்லாம் பழைய மீற்றருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

புதிய மீற்றர் அதையும் எண்ணும். எனவே நம் பாவனை மாறாவிட்டாலும் முதல் பில் கொஞ்சம் கூடி வருவது சாத்தியம். அது களவு அல்ல. இவ்வளவு காலமும் எண்ணப்படாமல் போனது இப்போது எண்ணப்படுகிறது. தண்ணீர் மீற்றர்களுக்கான சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ 4064. அதன்படி புதிய மீற்றர் ஒன்று குளிர்நீரின் சாதாரண ஓட்டத்தில் நூற்றுக்கு 2 வீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ காட்டக்கூடாது. மிக மெல்லிய ஓட்டத்தில் 5 வீதம். அதாவது ஒரு அலகு, 1000 லீற்றர், ஓடினால் சாதாரண ஓட்டத்தில் பிழை 20 லீற்றருக்குள் இருக்க வேண்டும்.

ஆகவே, 16 அலகு 18 ஆனால் அது மீற்றரின் வேலையாகவோ நம் வீட்டு ஒழுக்காகவோ இருக்கலாம். 16 அலகு 52 ஆனால் அது வேறு கதை. கேள்வி கேளுங்கள்.

▪️ அன்றைய நாளில் என்ன நடக்கும்?

சிக்கல் ஏதும் இல்லாவிட்டால் அரை மணித்தியாலத்துக்குள் முடிகிற வேலை. ரோட்டுப் பக்கத்து வால்வைப் பூட்டுவார்கள். இரண்டு பக்க நட்டையும் கழற்றிப் பழையதை எடுப்பார்கள். புது வொஷர் போட்டுப் புதிய மீற்றரைப் பூட்டுவார்கள். மீற்றரின் உடம்பில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது ரோட்டிலிருந்து வீட்டை நோக்கி, தண்ணீர் ஓடும் திசையில் இருக்க வேண்டும். பிறகு வால்வைத் திறந்து ஒழுகுகிறதா என்று பார்த்து, சீல் வைப்பார்கள்.

நாம் செய்ய வேண்டியவை:

1. வந்தவர்களின் அடையாள அட்டையைக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் பக்கத்து வீட்டுக்காரரையோ பெரிய பிள்ளை ஒன்றையோ கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மீற்றர் வளவுக்குள் கேற்றடியில்தான் இருக்கும். வீட்டுக்குள் யாரும் வர வேண்டிய தேவையே இல்லை.

2. பழைய மீற்றரைக் கழற்ற முன்னர் ஒரு போட்டோ. மீற்றர் இலக்கமும் வாசிப்பும் இரண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். கறுப்பு இலக்கங்கள் அலகு, சிவப்பு இலக்கங்கள் அதன் பின்னம். கண்ணாடி மங்கியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுங்கள்.

3. புதியது பூட்டிய பிறகு இன்னொரு போட்டோ. புதிய மீற்றர் எப்போதும் சைபரில் தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். பரிசோதிக்கும்போது ஓடிய தண்ணீர் கொஞ்சம் அதில் பதிவாகியிருக்கலாம்.

4. ஒப்பம் வைக்க முன்னர் தாளில் எழுதியிருக்கும் வாசிப்பை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் போட்டோவோடு ஒத்துப் பாருங்கள். தாளையும் ஒரு போட்டோ எடுங்கள். மூத்தம்மாவின் வீட்டில் இந்த ஒரு நிமிடம் செலவழிக்கப்பட்டிருந்தால் வாளி சுமந்திருக்க வேண்டியதில்லை.

5. தண்ணீரைத் திறந்ததும் முதலில் வளவுக் குழாயைத் திறந்துவிடுங்கள். குழாய்க்குள் காற்று போயிருக்கும். துப்பித் துப்பி வரும். துரு கலந்து மண்ணிறமாகவும் வரலாம். தெளியும் வரைக்கும் தாங்கிக்கோ பில்டருக்கோ வொஷிங் மெஷினுக்கோ விட வேண்டாம். அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து மரத்துக்கு ஊற்றுங்கள்.

6. நட்டைத் திருப்பும்போது நம் பக்கத்துப் பழைய பீ.வீ.சி. குழாய் வெடிப்பதுண்டு. பொதுவாக மீற்றர் வரைக்கும் அவர்கள் பொறுப்பு, மீற்றருக்குப் பிறகு வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் அவர்கள் வேலை செய்யும்போதே வெடித்தால் அங்கேயே காட்டி, அங்கேயே பேசிக்கொள்ளுங்கள். அவர்கள் போன பிறகு பேசுவது கஷ்டம்.

லண்டனில் இருக்கும் எங்கள் மச்சான் வீட்டில் காஸ் மீற்றர் மாற்றியதை ஒரு முறை போனில் சொன்னார். அங்கே காஸ் குழாயில் வருகிறது. பதிவு பெற்ற தொழில்நுட்பவியலாளர் மட்டும்தான் கை வைக்கலாம். வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். கசிவு இருக்கிறதா என்று சோதித்து, கடைசியில் அடுப்பையும் பொயிலரையும் பற்றவைத்துக் காட்டிவிட்டுத்தான் போனாராம். நமக்குக் காஸ் சிலிண்டரில் வருவதால் அந்த மீற்றர் இல்லை. தண்ணீர் கசிந்தால் வீடு வெடிக்காது என்பதால் நாமும் கவனிப்பதில்லை, அவர்களும் கவனிப்பதில்லை. ஆனால் ஏழை வீட்டில் ஒரு பிழையான பில்லும் ஒரு வெடிதான்.

▪️ பில் கூடி வந்தால்?

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். எல்லாக் குழாயையும் பூட்டுங்கள். தாங்கிக்குப் போகும் வால்வையும் பூட்டுங்கள். மீற்றரின் முகத்தில் நட்சத்திரம் போலவோ முக்கோணம் போலவோ ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அது அசைந்தால் எங்கோ ஒழுகுகிறது. இரவு படுக்க முன்னர் ஒரு வாசிப்பும் சுபஹுக்கு எழும்பியதும் ஒரு வாசிப்பும் எடுத்தாலும் தெரிந்துவிடும்.

கக்கூஸ் தாங்கியைப் பார்க்க இன்னொரு வழி. பிள்ளைகளின் நிறத்தூள் கொஞ்சம் தாங்கிக்குள் போட்டு அரை மணித்தியாலம் தண்ணீர் இழுக்காமல் விடுங்கள். கீழே கோப்பைக்குள் நிறம் வந்தால் அங்கேதான் ஒழுக்கு.

சின்ன ஒழுக்குத்தானே என்று விடாதீர்கள். நிமிடத்துக்கு ஒரு தேநீர்க் கோப்பை, 150 மில்லிலீற்றர், ஒழுகுகிறது என்று வைப்போம். மணித்தியாலத்துக்கு 9 லீற்றர். நாளுக்கு 216. மாதத்துக்கு 6480. ஏறக்குறைய ஆறரை அலகு! நம் பில் படிமுறையில் போடப்படுகிறது. பாவனை கூடக் கூட ஒரு அலகின் விலையும் கூடும். ஆகவே அந்த ஆறரை அலகும் நாம் கொடுக்கும் ஆகக் கூடிய விலையிலேயே சேரும்.

இதே படிமுறையில் இன்னொரு அநியாயமும் ஒளிந்திருக்கிறது. மீற்றர் வாசிக்க ஆள் வராமல் மூன்று மாதம் போய், 45 அலகையும் ஒரே மாதத்துப் பாவனையாகக் கணக்கிட்டால், 15 அலகு வீதம் மூன்று மாதம் கொடுப்பதைவிடக் கூடக் கொடுக்க வேண்டி வரும். பாவித்தது ஒரே அளவு. கணக்குப் போட்ட விதம்தான் வேறு. அப்படி வந்தால், "மாதங்களுக்குப் பிரித்துக் கணக்கிட்டுத் தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். தயங்க வேண்டாம். அது பிச்சை கேட்பதல்ல.

முறைப்பாட்டை எப்போதும் எழுத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் இல்லாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மீற்றர் மாற்றிய பதிவின் பிரதியைக் கேட்டு அந்தக் கந்தோரின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். இந்தச் சட்டம் பெரிய ஊழல்களைத் தேடும் பத்திரிகையாளருக்கு மட்டும் அல்ல. மூத்தம்மாவின் 36 அலகுக்கும் சேர்த்துத்தான்.

▪️ நாங்கள் கேட்பது என்ன?

பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு விஷயங்கள்.

ஒன்று: வர முன்னர் அறிவித்தல். ஒரு துண்டு, அல்லது பள்ளிவாசல், கோவில், விகாரை, தேவாலய ஒலிபெருக்கியில் ஒரு வசனம் போதும்.

இரண்டு: பழைய வாசிப்பு, புதிய வாசிப்பு, இரண்டு மீற்றர் இலக்கங்கள், திகதி ஆகியவை எழுதிய ஒரு துண்டு வீட்டுக்காரர் கையில். அது அவருக்குத் தெரிந்த மொழியில். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் சொல்லி 1987 இலிருந்து எத்தனை வருடம்! வாசிக்க முடியாத தாளில் வாங்கும் ஒப்பத்துக்கு என்ன பெறுமதி?

மூன்று: கழற்றிய மீற்றர்களைக் குறைந்தது அடுத்த இரண்டு பில் வரும் வரைக்கும் வைத்திருங்கள். அந்த ஒரு பழைய மீற்றர்தான் மூத்தம்மாவுக்குச் சாட்சி சொன்னது.

நான்கு: திடீரென்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வரும் பில்லை அனுப்ப முன்னர் ஒருவர் கண்ணால் பாருங்கள். வருடம் முழுக்க 16 அலகு பாவித்த வீட்டில் 52 வந்தால் அதை இயந்திரம் கேட்காது. மனிதர்தான் கேட்க வேண்டும்.

▪️ நம் பக்கமும் கொஞ்சம் பேசுவோம்

இதை எழுதாமல் விட்டால் பதிவு முழுமையாகாது.

மீற்றர் இறுகி நின்றுவிட்டால் சந்தோசப்பட்டுக்கொண்டு மாதக்கணக்கில் வாய் திறக்காத வீடுகள் நம்மிடையே இல்லையா? மீற்றருக்கு முன்னால் குழாய் இழுத்தவர்கள் இல்லையா? பிரதான குழாயில் நேரடியாக மோட்டர் பூட்டி உறிஞ்சி, ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குச் சொட்டுத் தண்ணீர் போகாமல் செய்தவர்கள் இல்லையா?

சந்தையில் மீன்காரரின் தராசை நாம் சந்தேகத்தோடு பார்க்கிறோம். நாட்டில் அதற்கு 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டமும் இருக்கிறது. தராசுக்கு முத்திரை குத்துகிறார்கள். அளவையில் மோசடி செய்கிறவர்களைப் பற்றி அல்குர்ஆனில் ஒரு தனி சூராவே இருக்கிறது, 83 ஆவது. அதை நாம் எப்போதும் கடைக்காரரை நினைத்துத்தான் ஓதுகிறோம். மீற்றரும் ஒரு தராசு. அதன் ஒரு பக்கத்தில் அவர்கள், மறுபக்கத்தில் நாம். அவர்கள் கூடப் போட்டாலும் அநியாயம்தான், நாம் குறைத்துக் கொடுத்தாலும் அநியாயம்தான். நம் கை சுத்தமாக இருந்தால்தான் கந்தோரில் போய்க் குரலை உயர்த்தலாம்.

மீற்றரை மறைத்துப் பூச்சாடி வைப்பது, கல்லும் குப்பையும் போடுவது, கேற்றைப் பூட்டிவிட்டுப் போவது, இவற்றையும் விட்டுவிடுவோம். வாசிக்க முடியாத மீற்றருக்கு ஊகத்தில்தான் பில் வரும். மாற்ற வருகிற பிள்ளைகளுக்கு ஒரு கோப்பை பிளேன்டீ கொடுப்போம். காசு கொடுத்து இலக்கத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டாம்.

கரண்ட் மீற்றருக்கும் இதே விதிதான். மாற்ற முன்னர் ஒரு போட்டோ, மாற்றிய பின்னர் ஒரு போட்டோ, துண்டு ஒன்று. சீலில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். அது சட்டப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எட்டாம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டு வேலை கொடுத்தோம். ஒரு வாரம், ஒவ்வொரு நாளும் வீட்டு மீற்றரை வாசித்து எழுதிக்கொண்டு வர வேண்டும். முதல் நாள் பலருக்கு மீற்றர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வார முடிவில் இரண்டு பிள்ளைகள் தங்கள் வீட்டு ஒழுக்கைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு மகள் சொன்னாள்: "சேர், உம்மாக்கும் வாசிக்கப் பழக்கிட்டேன்." அன்றைக்குப் பாடப்புத்தகத்தைத் திறக்காமலே ஒரு நல்ல பாடம் நடந்தது.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மீற்றரைக் காட்டுங்கள். உங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கும் வயதானவர்கள் இருந்தால், மீற்றர் மாற்ற வருகிற நாளில் ஐந்து நிமிடம் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். அவர்களிடம் ஸ்மார்ட் போன் இருக்காது. உங்களிடம் இருக்கிறது.

மூத்தம்மா இப்போது வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் மாதம் ஒரு முறை பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார். "எத்தன எண்டு பாருங்க மகன்" என்பார். பார்த்துச் சொல்வோம். போன மாதம் 15.

பயனுள்ளது என்று நினைத்தால் உங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் பகிருங்கள். எங்கள் பெயர் போட வேண்டியதில்லை. பிழை இருந்தால் கீழே சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம்.